செய்ததற்கா... பிறந்ததற்கா? - சட்டம் ‘குற்றவாளி’களை உருவாக்கிய கதை!

1930 ஏப்ரல் மாதம். திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. முன்னால் ராஜாஜி. பின்னால் சுமார் நூறு தொண்டர்கள். கடற்கரைக்குப் போய் உப்பு அள்ள வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

ஆனால், அன்றைய சட்டப்படி அது குற்றம். உப்பு எடுப்பதும் விற்பதும் அரசின் பிடியில் இருந்த காலம் அது. வரி கட்டாமல், அனுமதி வாங்காமல் கடற்கரையில் காய்ந்து கிடக்கும் உப்பைக் கைநிறைய அள்ளினால் சிறை.

அதோடு விடவில்லை. ‘உப்புச் சட்டத்தை மீறப் போகிறவர்களுக்கு யாராவது சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ அவர்கள் மீதும் வழக்கு பாயும்’ என்று தண்டோரா போட்டு அறிவித்தார் தஞ்சை கலெக்டர் தார்ன். வழியில் வருகிறவர்களுக்குச் சோறு போடுவதைப் புண்ணியம் என்று நினைத்த ஊர்களில், அது திடீரென்று தண்டனைக்குரிய செயலாகிவிட்டது. மக்கள் சும்மா இருப்பார்களா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள் என்று இன்றும் அந்தப் பகுதியில் சொல்வார்கள். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதே 1930 ஏப்ரல் 1-ம் தேதிதான் ‘சாரதா சட்டம்’ என்று அழைக்கப்பட்ட குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 14 வயது நிரம்பாத பெண்ணுக்கும், 18 வயது நிரம்பாத பையனுக்கும் கல்யாணம் செய்துவைப்பது அன்றிலிருந்து குற்றம். அதற்கு முதல் நாள் வரை ஊர் கூடி, மேளம் கொட்டி, விருந்து வைத்துச் செய்த காரியம்!

ஒரே நாடு. ஒரே மாதம். உப்பு அள்ளியவரும் குற்றவாளி, எட்டு வயதுச் சிறுமிக்குத் தாலி கட்டியவரும் குற்றவாளி. இன்று திரும்பிப் பார்க்கும்போது முதலாமவர் தியாகி. இரண்டாமவரை நாம் மன்னிக்கத் தயாராக இல்லை. அப்படியென்றால் ‘குற்றம்’ என்பதை முடிவு செய்வது யார்?

எல்லை தாண்டினால் மாறும் குற்றம்

கொலை, கொள்ளை, ஏமாற்று... இவையெல்லாம் ஏறக்குறைய எல்லா சமூகங்களிலும் தப்புதான். ஆனால் அதற்கு அப்பால் இருக்கும் பெரும் பட்டியல், காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது.

கள்ளையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவும் விற்கவும் தடை. கோவையைத் தாண்டி வாளையாறு சோதனைச் சாவடியைக் கடந்தால் கேரளம். அங்கே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருக்கிறது. மரம் ஒன்றுதான், பாளை ஒன்றுதான். இந்தப் பக்கம் இறக்கினால் வழக்கு, அந்தப் பக்கம் உரிமம் வாங்கி இறக்கினால் பிழைப்பு.

மது விஷயத்தில் தமிழ்நாட்டின் கணக்கே தனி. 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் தளர்ந்தது. மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003-ல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறை விற்பனையில் இறங்கியது. பாட்டிலோடு பிடிபட்டால் தாத்தாவுக்கு ஜெயில். பேரன் அதே பாட்டிலை வாங்கினால் அரசாங்கத்துக்கு வருமானம்.

குடும்ப விஷயத்திலும் இப்படித்தான். திருமணமான பெண்ணோடு உறவு கொண்ட ஆணைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 497, 1860-ல் எழுதப்பட்டது. மனைவி, கணவனின் உடைமை என்பதுபோல் இருந்த அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. விவாகரத்து கேட்க அது இன்றும் ஒரு காரணம்தான், ஆனால் சிறைக்கு அனுப்பும் குற்றம் அல்ல. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னால், செப்டம்பர் 6 அன்று, தன்பால் ஈர்ப்பாளர்களைக் குற்றவாளிகளாக்கிய பிரிவு 377-ன் பகுதியும் செல்லாது என்றது. ஒரே மாதத்தில், 158 ஆண்டு காலக் குற்றங்கள் இரண்டு காணாமல் போயின.

எதிர்த் திசையிலும் பட்டியல் நீள்கிறது. தீண்டாமை ஒருகாலத்தில் ‘வழக்கம்’. 1955-ல் தண்டனைக்குரிய குற்றம். வரதட்சணை ‘சீர்’ என்ற பெயரில் உலவியது. 1961-ல் குற்றம். மனைவியை அடிப்பது ‘வீட்டு விஷயம்’. 2005-ல் அதற்கென்றே குடும்ப வன்முறைச் சட்டம்.

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் தர்க்கைம் 1895-லேயே இதைப் பற்றி எழுதினார். துறவிகள் மட்டுமே வாழும் ஓர் ஊரைக் கற்பனை செய்து பாருங்கள் என்றார். அங்கே திருட்டு இருக்காது, கொலை இருக்காது. ஆனால் குற்றம் இருக்கும். நமக்குச் சின்னச் சறுக்கலாகத் தெரிவது அந்த ஊரில் பெரும் பாவமாகத் தெரியும். எங்கே கோடு போடுவது என்பதைச் சமூகம்தான் தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம்.

சரி, கோடு மாறட்டும். ஆனால், இதுவரை பார்த்த சட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நல்லதோ கெட்டதோ, அவை ஒருவர் ‘செய்த’ ஒன்றைப் பற்றிப் பேசின. உப்பு அள்ளினாய், கள் இறக்கினாய், வரதட்சணை வாங்கினாய் என்று. எதையுமே செய்யாத ஒருவரை, பிறந்த ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி என்று சொன்ன சட்டமும் இந்த மண்ணில் இருந்தது. அதுவும் ஒன்றிரண்டு வருடங்கள் அல்ல, 80 வருடங்களுக்கும் மேல்!

தச்சர் மகன் தச்சர்... திருடர் மகன்?

1871-ல் ஆங்கிலேய அரசு ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதை ஆதரித்தவர்களின் வாதம் எளிமையானது. ‘இந்தியாவில் தொழில் சாதிவழியாக வருகிறது. தச்சர் மகன் தச்சர், நெசவாளர் மகன் நெசவாளர். அப்படியானால் குற்றத்தையே தொழிலாகக் கொண்ட சாதிகளும் இருக்கத்தானே வேண்டும்? அவர்களின் பிள்ளைகளும் அதைத்தானே செய்வார்கள்?’

இந்த வாதத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. ஆனால், ஆள வந்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது. முதலில் வட இந்தியாவில் அமலான சட்டம், 1911-ல் விரிவாக்கப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924-ல் மீண்டும் தொகுக்கப்பட்டது.

இந்தச் சட்டம் என்ன சொன்னது?

ஒரு சமூகத்தை ‘குற்றப் பரம்பரை’ என்று அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு சரியா, தவறா என்று எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது.

அந்தச் சமூகத்தினர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றே சொன்னார்கள்.

அதிகாரி சொல்லும் நேரத்தில், சொல்லும் இடத்தில் ஆஜராக வேண்டும். ஊரைவிட்டுப் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே பிடிபட்டால் தண்டனை.

திருடப் போகிறார் என்று கருதும்படியான சூழ்நிலையில் ஓர் இடத்தில் நின்றிருந்தால்கூட மூன்று ஆண்டு வரை சிறை. திருடியிருக்க வேண்டியதில்லை, நின்றிருந்தால் போதும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி இல்லங்களில் வைக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது.

பக்கத்து ஊரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ வலி என்று ராத்திரி ஆள் வருகிறது. அப்பா கிளம்ப முடியாது. முதலில் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சீட்டு வாங்க வேண்டும். சட்டம் என்றால் காகிதத்தில் இருக்கும் எழுத்து என்று நினைத்துவிடக் கூடாது. அது இப்படித்தான் வீட்டு வாசல் வரை வந்தது.

உப்பு வியாபாரிகளுக்கு நேர்ந்தது

அப்படி முத்திரை குத்தப்பட்டவர்கள் உண்மையில் யார்? குறவர் சமூகத்தின் ஒரு பிரிவினரின் கதையைப் பார்த்தால் புரியும். இதை ஆவணங்களைத் தோண்டியெடுத்து எழுதியவர் ஆய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா.

கடற்கரையில் உப்பு வாங்கி, மாட்டின் மீதும் கழுதையின் மீதும் ஏற்றி, உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே உப்பைக் கொடுத்துத் தானியம் வாங்குவார்கள். வழியில் மூங்கில் வெட்டிக் கூடை முடைவார்கள். ‘உப்புக் குறவர்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். வண்டிப் பாதை இல்லாத ஊர்களுக்கு உப்பு போய்ச் சேர்ந்தது இவர்கள் முதுகிலும், இவர்கள் வளர்த்த கால்நடைகளின் முதுகிலும்தான். இவர்கள் வந்தால் ஊரே எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பின்னர் தண்டவாளம் நீள நீள, மூட்டை மூட்டையாக உப்பும் தானியமும் ரயிலில் போகத் தொடங்கின. உப்பு மீதான அரசின் பிடி இறுகியது. சிறு வியாபாரிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. கால்நடைகள் செத்து விழுந்தன. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. மாடு மேய்க்கவும் மூங்கில் வெட்டவும் காட்டுக்குள் போவது கட்டுப்படுத்தப்பட்டது.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரயில் வந்தது வியாபாரத்தை எடுத்தது. வரி வந்தது லாபத்தை எடுத்தது. பஞ்சம் மாட்டை எடுத்தது. வனச் சட்டம் மூங்கிலை எடுத்தது. முப்பது வருடங்களுக்குள் பிழைப்பின் நான்கு கால்களும் முறிந்துவிட்டன. நேற்றுவரை வியாபாரியாக ஊருக்குள் வந்தவர், இன்று கையில் சரக்கில்லாமல் வருகிறார். ‘வேலை இல்லாமல் சுற்றுகிறவன் எப்படிச் சாப்பிடுகிறான்? திருடித்தான் இருக்க வேண்டும்’ என்று அதே அரசு கேட்டது.

அலைந்து திரிவது அவர்களின் தொழில் முறை. நிலவரி வசூலிக்கும் அரசுக்கோ ஓர் இடத்தில் நிலைத்து வாழ்கிறவர்தான் நல்ல குடிமகன். யார் கணக்குப் புத்தகத்துக்குள் வரவில்லையோ, அவர் மீது சந்தேகம் விழுந்தது. சட்டங்கள் ஏன் மாறுபடுகின்றன என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. சட்டத்தை எழுதுகிறவர் எப்படி வாழ்கிறாரோ, அதுவே ஒழுங்கு. அதிலிருந்து விலகியது எல்லாம் ஒழுங்கீனம்.

பிறகு அவர்களைக் குடியேற்ற முகாம்களில் அடைத்தார்கள். ஆந்திராவின் குண்டூர் பகுதியில் உருவான ஸ்டூவர்ட்புரம் அப்படிப்பட்ட ஒன்று. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயர் சூட்டப்பட்ட அந்த முகாமை நடத்தியது சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு. ‘திருத்துவது’ என்று பெயர். நடைமுறையில் பண்ணைக்கும் ஆலைக்கும் ஓடிப்போகாத கூலியாட்கள் கிடைத்தார்கள்.

பெருங்காமநல்லூர், 1920

மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் சமூகத்தின் கதை வேறு மாதிரியானது. அங்கே ‘காவல்’ என்ற முறை இருந்தது. ஊர்க்காரர்கள் காவல்காரருக்கு ஆண்டுதோறும் ஒரு பங்கு கொடுப்பார்கள். மாடோ நெல்லோ களவு போனால், கண்டுபிடித்துக் கொடுப்பது காவல்காரர் பொறுப்பு. துப்பு சொல்லி மீட்டுத் தருவதற்கு ‘துப்புக் கூலி’ உண்டு. போலீஸ் ஸ்டேஷன் என்ற ஒன்று வருவதற்கு முன்பிருந்த ஏற்பாடு இது.

இதில் அத்துமீறல்களே இல்லை என்று சொல்ல முடியாது. காவல் கூலி கொடுக்காதவர் வீட்டு மாடு காணாமல் போவதும், கூலி கொடுத்தால் திரும்பி வருவதும் நடந்திருக்கிறது. விவசாயிகள் கொதித்துப்போய் 1896-ல் திண்டுக்கல் வட்டாரத்தில் காவலுக்கு எதிராகவே திரண்டார்கள். ஆக, குறை இருந்தது. பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

அதற்கு என்ன செய்திருக்க வேண்டும்? மாடு திருடியவரைப் பிடித்து, சாட்சி வைத்து, விசாரித்துத் தண்டித்திருக்க வேண்டும். அரசு செய்தது வேறு. 1914-ல் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சமூகத்தையே குற்றப் பரம்பரையாக அறிவித்தது. உழுது பிழைத்தவர், பட்டாளத்துக்குப் போனவர், பச்சைப் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லாமல் போனது.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர். கைரேகை பதிவு செய்ய போலீஸ் வந்தது. ‘நாங்கள் என்ன தப்பு செய்தோம்? ஏன் ரேகை வைக்க வேண்டும்?’ என்பதுதான் ஊரின் கேள்வி. மறுத்தார்கள். எதிர்த்து நின்றார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்து விழுந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று அங்கே இன்றும் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இந்தச் சட்டத்துக்கு எதிராக மதுரை நீதிமன்றங்களில் ஒரு பாரிஸ்டர் வாதாடினார். கேரளத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த ஜார்ஜ் ஜோசப். கள்ளர் நாட்டு மக்கள் அவருக்கு ‘ரோசாப்பூ துரை’ என்று பெயர் வைத்தார்கள். வேறு மாநிலம், வேறு மதம், வேறு மொழியில் பிறந்தவர். எந்தக் குற்றமும் செய்யாதவர் ஏன் போலீஸில் ஆஜராக வேண்டும் என்று கேட்பதற்கு, அந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்ற அவசியம் அவருக்கு இருக்கவில்லை. பின்னாளில் முத்துராமலிங்கத் தேவர் இந்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

சட்டம் போனது... முத்திரை போனதா?

1947-ல் சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் நீக்கப்பட்டது 1952 ஆகஸ்ட் 31 அன்று. கணக்கு போட்டுப் பாருங்கள். நாடு சுதந்திரம் அடைந்தது 1947-ல். இந்த மக்களில் பலருக்கு விடுதலை கிடைக்க மேலும் ஐந்து வருடங்கள் ஆயின. அதனால்தான் வட இந்தியாவில் பல சமூகங்கள் ஆகஸ்ட் 31-ஐ ‘விமுக்த தினம்’ என்று கொண்டாடுகின்றன. தமிழில் அவர்களுக்கு அரசு வைத்த பெயர் ‘சீர்மரபினர்’.

நல்லதும் நடந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் ‘கள்ளர் சீரமைப்புத் துறை’ பள்ளிகள் இயங்குகின்றன. ரேகைச் சட்டம் இருந்த காலத்திலேயே தொடங்கிய அந்தப் பள்ளிகளில் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். பட்டியலில் இருந்த சில சமூகங்கள் நிலமும் கல்வியும் எண்ணிக்கையும் சேர, அரசியலில் வலுப்பெற்று எழுந்தன. ஆனால், நிலமில்லாத, ஓட்டு எண்ணிக்கை குறைந்த, இன்னமும் ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் சமூகங்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டம் போன கையோடு, ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டங்கள் பல மாகாணங்களில் வந்தன. சென்னையில் 1948-லேயே வந்துவிட்டது. புதிய சட்டங்கள் சாதியைச் சொல்லவில்லை. தண்டனை பெற்ற தனி மனிதரைத்தான் பார்த்தன. எழுத்தில் இது பெரிய முன்னேற்றம். ஆனால், பழைய பதிவேடும் பழைய பழக்கமும் இருக்கும் இடத்தில், புதிய சட்டத்தின் கை நீண்டது பெரும்பாலும் பழைய ஆட்களை நோக்கித்தான்.

அமெரிக்க சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963-ல் எழுதிய ‘அவுட்சைடர்ஸ்’ நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. ஒருவருக்கு ‘தவறானவர்’ என்று முத்திரை குத்திவிட்டால், பிறகு அவர் என்ன செய்தாலும் உலகம் அந்த முத்திரை வழியாகவே பார்க்கும் என்கிறார். வேலை தர மாட்டார்கள், வீடு தர மாட்டார்கள். எங்கு திருட்டு நடந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கடைசியில், முத்திரை சொன்னபடியே ஆகிவிடும் நிலைக்கு அவரைத் தள்ளுவார்கள். ‘பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்’ என்பார்கள்.

2021-ல் வெளியான ‘ஜெய் பீம்’ படத்தின் முதல் காட்சி ஞாபகம் இருக்கிறதா? சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, ‘நீ என்ன ஆளு?’ என்று கேட்டுப் பிரிப்பார்கள். சில சாதிக்காரர்களை மட்டும் ஓரமாக நிற்கவைத்து, முடியாத வழக்குகளைச் சுமத்த போலீஸ் வண்டியில் ஏற்றுவார்கள். 1993-ல் கடலூர் பகுதியில் நடந்த உண்மைச் சம்பவத்தை வைத்து எடுக்கப்பட்ட படம் அது. நிஜத்தில் காவல் சித்ரவதைக்குப் பலியானவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். சட்டம் நீக்கப்பட்டு நாற்பது ஆண்டுகள் கழித்து!

2024-ல் வந்த தீர்ப்பு

இதெல்லாம் பழைய கதை என்று சொல்லிவிட முடியுமா? 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பத்திரிகையாளர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. பல மாநிலச் சிறைக் கையேடுகளில், சாதியைப் பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் இருந்தன. சிலருக்குச் சமையல், சிலருக்குக் கழிவறை. அதோடு, நாடோடிச் சமூகத்தினருக்கும் முன்னாள் ‘குற்றப் பரம்பரை’யினருக்கும் தப்பி ஓடும் இயல்பு உண்டு என்ற பொருளில் எழுதப்பட்ட வரிகளும் அச்சில் அப்படியே இருந்தன.

தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்த விதிகளைச் செல்லாது என்றது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. சீர்மரபினர் சமூகங்களைச் சேர்ந்தவர்களைக் கண்டபடி கைது செய்யக் கூடாது என்று காவல்துறைக்கும் நினைவூட்டியது. 1952-ல் செத்துப்போன சட்டத்தின் சொற்களை நீக்க, 72 ஆண்டுகள் கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

அரசு மட்டும்தான் இப்படி நடந்துகொள்கிறது என்று நினைத்தால் அதுவும் தவறு. 2018 ஜூலை 1, மகாராஷ்டிராவின் துலே மாவட்டம், ரெயின்பாடா கிராமம். வாரச் சந்தை நாள். யாசகம் கேட்டுப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் பேருந்திலிருந்து இறங்கினார்கள். ‘பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது’ என்ற வாட்ஸ்அப் வதந்தி ஏற்கெனவே ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. ஐந்து பேரையும் கூட்டம் அடித்தே கொன்றது. அதே ஆண்டு தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இதே வதந்திக்கு உயிர்கள் பலியாயின.

அந்த ஐந்து பேர் யாரையும் கடத்தவில்லை. வெளியூர்க்காரர்களாகவும், வேறு மாதிரி உடுத்தியவர்களாகவும் இருந்தார்கள். 1871-ல் ஒரு சமூகத்தைக் குற்றவாளி என்று சொல்ல அரசிதழ் தேவைப்பட்டது. இப்போது ஒரு ஃபார்வர்டு போதும்.

மூன்று கேள்விகள்

‘அப்படியானால் சட்டமே வேண்டாமா?’ என்று கேட்கலாம். வேண்டும். கட்டாயம் வேண்டும். சட்டம் இல்லையென்றால் இன்றும் எட்டு வயதுச் சிறுமிகளுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். ஊர் வழக்கம் என்ற பெயரில் நடந்த எத்தனையோ கொடுமைகளைத் தட்டிக்கேட்டது சட்டம்தான். வழக்கத்தைவிடச் சட்டம் நியாயமாக நடந்த தருணங்கள் நிறைய.

ஆனால், ஒரு சட்டம் நியாயமானதா என்று பார்க்க, சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, இதனால் பாதிக்கப்படுவது யார்? குழந்தைத் திருமணத்தில் பாதிக்கப்பட்ட சிறுமியைக் காட்ட முடியும். கைப்பிடி உப்பில் பாதிக்கப்பட்டவர் யார் என்று காட்ட முடியுமா?

இரண்டாவது கேள்வி, இதை எழுதியது யார்? குறவருக்கும் கள்ளருக்கும் எதிரான அறிவிப்புகளை எழுதிய மேசையில் அவர்களில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. பிரிவு 497 எழுதப்பட்டபோது அந்த அறையில் ஒரு பெண்கூட இல்லை.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. இது தண்டிப்பது ஒருவர் செய்ததையா, அல்லது அவர் யாராகப் பிறந்தார் என்பதையா? செய்ததைத் தண்டிக்கும் சட்டத்தில் ஒருவர் ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லித் தப்பிக்க வழி உண்டு. பிறப்பைத் தண்டிக்கும் சட்டத்தில் அந்த வழியே கிடையாது. ‘நான் பிறக்கவில்லை’ என்று யாரால் சொல்ல முடியும்?

இந்தக் கேள்விகள் நாடாளுமன்றத்துக்கு மட்டும் அல்ல. ‘அந்த ஏரியாக்காரனுங்களே இப்படித்தான்’, ‘வடக்கேயிருந்து வர்றவங்க எல்லாம் திருடனுங்க’, ‘அந்தச் சாதிப் பிள்ளைகளோட சேராதே’ என்று நம் வீட்டு வரவேற்பறையில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். பக்கத்தில் ஒரு குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும். 1871-ல் சட்டமன்றத்தில் சொன்ன அதே வாதம்தான் இது. கைரேகை மட்டும்தான் இல்லை.

அடுத்த முறை குடும்ப குரூப்பில் ‘இந்தக் கூட்டத்தினரிடம் ஜாக்கிரதை, எல்லோருக்கும் பகிரவும்’ என்று ஒரு செய்தி வந்தால், அதில் ‘யார், எங்கே, என்ன செய்தார்’ என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றால், விரலை நிறுத்துங்கள். அனுப்பியவர் சித்தப்பாவாகவே இருந்தாலும் பரவாயில்லை, ‘யாரு சித்தப்பா, என்ன பண்ணாங்க?’ என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.